குரலில் நோட்ஸ், குரலில் கட்டுரை: படிப்புக்கு ஏற்ற வாய்ஸ் டைப்பிங் மென்பொருளைத் தேர்வு செய்வது எப்படி?

சனிக்கிழமை இரவு 11 மணி. வேலை பெங்களூரில், வார இறுதியில் எம்பிஏ வகுப்பு. நாளை நள்ளிரவுக்குள் 1,500 வார்த்தை அசைன்மென்ட் ஒன்றை அப்லோடு செய்தாக வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பது மண்டைக்குள் தெளிவாக இருக்கிறது. நண்பரிடம் போனில் சொல்லச் சொன்னால் 10 நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவீர்கள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முதல் பத்தியே நகர மாட்டேன் என்கிறது. 'பேசினா அதுவே டைப் ஆகிடணும், அப்படி ஏதாவது ஆப் இருக்கா?' என்று தேட ஆரம்பிக்கிறீர்கள்.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பெரும்பாலான விளம்பரங்களில் துல்லியம் '95 சதவீதத்துக்கு மேல்' என்றுதான் போட்டிருக்கும். யாருடைய குரலில், எந்த மொழியில், ஃபேன் ஓடும் அறையிலா ஓடாத அறையிலா என்பது அதில் இருக்காது.

தவறான ஆப்பை எடுத்தால் சந்தா பணம் வேஸ்ட் என்பது சின்ன நஷ்டம். 'இந்த விதி பொருந்தாது' என்று ஆசிரியர் சொன்னது உங்கள் நோட்ஸில் 'இந்த விதி பொருந்தும்' என்று ஏறிவிட்டால்? தேர்வுக்கு முந்தைய இரவு அதைத்தான் நம்பிப் படிப்பீர்கள். அதனால் பணம் கட்டும் முன், ஏன் இன்ஸ்டால் பண்ணும் முன்பே, தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

நோட்ஸ் வேறு, கட்டுரை வேறு

ஆப்பின் பெயரைத் தேடும் முன்னால் உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பேசப்போவது யார்?

கட்டுரை என்றால் பேசுவது நீங்கள். மைக் வாய்க்கு அருகில் இருக்கும். தப்பு வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தலாம். இதற்குத் தேவை டிக்டேஷன், அதாவது நீங்கள் சொல்லச் சொல்ல எழுதும் மென்பொருள்.

வகுப்பு நோட்ஸ் என்றால் பேசுவது வேறொருவர். அவர் பலகைக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே பேசுவார். பின்வரிசையில் ஒருவர் சந்தேகம் கேட்பார். ஒன்றரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்தித் திருத்த முடியாது. இதற்குத் தேவை டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது பதிவான ஒலியை முழுதாக எழுத்தாக்கும் மென்பொருள்.

இரண்டுக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்றுதான், பயன்பாட்டில்தான் வித்தியாசம். டிக்டேஷன் கருவி நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் 'முடிந்துவிட்டது' என்று மைக்கை அணைத்துவிடும். வகுப்பில் அது கை கொடுக்காது. டிரான்ஸ்கிரிப்ஷன் கருவி நேரக் குறிப்போடு பக்கம் பக்கமாகக் கொடுக்கும், ஆனால் ஒரு வாக்கியத்தை யோசித்து யோசித்து எழுத அது தோதுப்படாது. ஒரே ஆப்பில் இரண்டையும் எதிர்பார்ப்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு.

இது எப்படி வேலை செய்கிறது?

மைக்கில் விழும் ஒலியை மென்பொருள் மிகச் சிறிய துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும். பிறகு, பயிற்சியில் கேட்ட பல்லாயிரம் மணி நேரப் பேச்சின் அடிப்படையில், 'இந்த ஒலிக்கும் இதற்கு முன் வந்த சொற்களுக்கும் பொருந்துகிற சொல் எது?' என்று ஊகிக்கும்.

ஊகிக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிக்கடி புழங்கும் சொற்களை அது நன்றாக ஊகிக்கும். ஆட்களின் பெயர், பாடத்துக்கே உரிய கலைச்சொல், எண் ஆகியவற்றில் தடுமாறும். தடுமாறும்போது வெற்றிடம் விடாது, தனக்குத் தெரிந்த வேறொரு நல்ல சொல்லைப் போட்டுவிடும். கையால் டைப் பண்ணும்போது வரும் பிழை எழுத்துப்பிழையாகக் கண்ணில் படும். இங்கே வருவது சரியான எழுத்தில் எழுதப்பட்ட தவறான சொல். ஸ்பெல் செக் அதைப் பிடிக்காது. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' சொன்னால் 50 என்று விழுவது இப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாரும் பேசாத இடத்திலும் சில மென்பொருள்கள் வாக்கியம் 'கேட்டுவிடும்'. ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் மென்பொருளைக் கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சோதித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 1 சதவீத ஒலித் துண்டுகளில், யாருமே சொல்லாத முழுச் சொற்றொடர்கள் எழுத்தில் வந்திருந்தன. பேச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விடுபவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக நடந்தது. ஆசிரியர் பலகையில் எழுதும் அந்த அமைதியான அரை நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

யார் பேசுகிறார்கள் என்பதும் முடிவை மாற்றும். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய 5 நிறுவனங்களின் மென்பொருள்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளையின அமெரிக்கர்கள் பேசியபோது சராசரிப் பிழை 19 சதவீதம். கறுப்பின அமெரிக்கர்கள் பேசியபோது 35 சதவீதம். பேசியது ஒரே நாட்டின் ஆங்கிலம்தான். அப்படியிருக்க, மதுரை ஆங்கிலத்துக்கும் நாகர்கோவில் தமிழுக்கும் யூடியூப் ரிவ்யூவில் வரும் மதிப்பெண் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழில் கூடுதலாக என்ன சிக்கல்?

கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். அப்போது சேர்ந்த 30 மொழிகளில் தமிழையும் சேர்த்து 8 மொழிகள் இந்தியாவில் பேசப்படுபவை. அதன் பிறகு நிறையவே முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் தமிழுக்கென்று 4 இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும். நாம் பேசுவது 'அவங்க வந்துட்டு இருக்காங்க', எழுதுவது 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்'. பேச்சுத் தமிழில் சொன்னால் மென்பொருள் சில இடங்களில் அப்படியே எழுதும், சில இடங்களில் பாதி எழுத்துத் தமிழாக மாற்றி வைக்கும். இரண்டும் கலந்து கிடக்கும் பத்தியைச் சீர்செய்வதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம்.

இரண்டாவது, ஒலியில் ஒன்றாகிவிட்ட எழுத்துகள். ன-ண, ர-ற ஆகியவற்றை நம்மில் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். 'அரை'யா 'அறை'யா என்பதை மென்பொருள் சுற்றியிருக்கும் சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ல, ள, ழ கதை உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஒற்று. 'பாடத்தைப் படித்தேன்' என்பதில் வரும் 'ப்' பேச்சில் பெரும்பாலும் காதில் விழாது. அதனால் 'பாடத்தை படித்தேன்' என்று வந்து நிற்கும். தமிழ்க் கட்டுரைக்கு மதிப்பெண் போகும் இடம் இது.

நான்காவது, கலந்து பேசுவது. 'இந்த குவார்ட்டர்ல இன்புட் டாக்ஸ் கிரெடிட்டை ரிவர்ஸ் பண்ணணும்' என்று சொல்கிறோம். தமிழைத் தேர்வு செய்திருந்தால் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில், சில நேரம் அடையாளமே தெரியாத உருவத்தில் வரும். ஆங்கிலத்தைத் தேர்வு செய்திருந்தால் தமிழ்ப் பகுதி முழுக்கக் கந்தல்.

இவற்றை எல்லாம் விட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. தமிழில் 'இல்லை' என்ற பொருள் பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லும்-செல்லாது, வரும்-வராது, பொருந்தும்-பொருந்தாது. கடைசி அசை மங்கினால் அர்த்தமே தலைகீழ். திருத்தும்போது முதலில் கண் போக வேண்டிய இடம் வினைமுடிவு.

கட்டுரை எழுத என்னென்ன இருக்கிறது?

பைசா செலவில்லாமல் ஆரம்பிக்கலாம்.

கூகுள் டாக்ஸ்: குரோமில் ஒரு டாக்குமென்டைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கை அழுத்துங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை என்றால் அமெரிக்க ஆங்கிலத்தை விட்டுவிட்டு இந்திய ஆங்கிலத்தைத் தேர்வு செய்யுங்கள். இணையம் கட்டாயம். ஆங்கிலத்தில் 'கமா', 'நியூ பாராகிராஃப்' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும், தமிழில் நிறுத்தற்குறிகளை நீங்களே போட வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11: விண்டோஸ் கீயையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், எந்த இடத்தில் கர்சர் இருக்கிறதோ அங்கே பேசி எழுதலாம். இதற்கும் இணையம் வேண்டும். வேர்டில் டிக்டேட் என்று தனி பட்டனும் உண்டு.

மொபைல்: ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு கீபோர்டின் மைக் படம். வாட்ஸ்அப்பில் பழகிய கைக்கு இதுதான் எளிது. பஸ்ஸில் போகும்போது தோன்றிய ஒரு கருத்தைப் பிடித்து வைக்க இதை மிஞ்ச ஆள் இல்லை. முழுக் கட்டுரைக்குச் சின்னத் திரை தோதுப்படாது.

ஐபோன், மேக்: டிக்டேஷன் வசதி உள்ளேயே இருக்கிறது. கீபோர்டு அமைப்புகளில் உங்களுக்கு வேண்டிய மொழி டிக்டேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராகன்: இந்தத் துறையின் பழைய பெயர். டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் 1997-ல் வந்தபோதுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகப் பேசி எழுதுவது பரவலானது. அதை வைத்திருந்த நுவான்ஸ் நிறுவனம் 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வசம் போனது. சொந்தக் கலைச்சொல் பட்டியலைச் சேர்ப்பது இதன் பலம். விலை அதிகம், தமிழ் இல்லை. தினமும் மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் சொல்லி எழுதுபவர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வகுப்பு நோட்ஸுக்கு?

எதையும் பதிவு செய்யும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பின் எழுத்து வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா? என்பிடெல் பாடங்களுக்கு எழுத்து வடிவம் தளத்திலேயே கிடைக்கிறது, பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. யூடியூப் வீடியோக்களில் 'ஷோ டிரான்ஸ்கிரிப்ட்' அழுத்தினால் நேரக் குறிப்போடு வரும். ஜூம், டீம்ஸ் வகுப்பு என்றால் அதிலேயே அந்த வசதியை ஆசிரியர் இயக்கியிருக்கலாம். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக எழுத்தாக்குவானேன்?

இல்லை என்றால், முதல் வழி போனில் சாதாரண ரெக்கார்டர். ஒலியைப் பதிவு செய்து வைத்து, வீட்டுக்கு வந்து எழுத்தாக்குவது. வகுப்பிலேயே எழுத்தாக்கி ஒலியை அழித்துவிடும் ஆப்களைவிட இது பாதுகாப்பு, சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம். இடம் அடைக்குமே என்று கவலை வேண்டாம். 64 கேபிபிஎஸ் மோனோ தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, விஸ்பர். 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ இதை இலவசமாக, யாரும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 6.8 லட்சம் மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். ஆங்கில வகுப்புக்கு நன்றாக இருக்கும், தமிழ் வகுப்புக்குத் திருத்தம் கூடுதலாக வேண்டும். 3.9 கோடி அளவுருக்கள் கொண்ட சின்ன மாடல் முதல் 155 கோடி கொண்ட பெரிய மாடல் வரை பல அளவில் இருக்கிறது. சின்னது பழைய லேப்டாப்பிலும் ஓடும், தமிழுக்கு அது போதாது. இன்ஸ்டால் செய்துவிட்டால் இணையமே வேண்டாம், ஒலி உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

விஸ்பரில் இரண்டு இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். மொழியை நீங்கள் சொல்லாவிட்டால் முதல் 30 விநாடியை வைத்து அதுவே முடிவு செய்யும். ஆசிரியர் 'குட் மார்னிங் எவ்ரிபடி' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டுத் தமிழுக்கு மாறினால் முழு வகுப்பையும் ஆங்கிலமாகவே கேட்கப் பார்க்கும். அதேபோல 'டிரான்ஸ்லேட்' என்று இருந்தால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிடும். மொழி தமிழ், வேலை 'டிரான்ஸ்கிரைப்' என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நம் ஊரில் உருவானவை. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வகம், அரசியலமைப்பின் 8-வது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் பேச்சை எழுத்தாக்கும் மாடல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பல ஊர்களில் சாதாரண மக்கள் இயல்பாகப் பேசியதைச் சேகரித்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்பது இதன் சிறப்பு. 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டத்திலும் இந்தச் சேவை உண்டு. கொஞ்சம் டெக்னிக்கலாகக் கை வைக்கத் தெரிந்தவர்கள் தமிழ் வகுப்புக்கு இதை அவசியம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஆட்டர் போன்ற மீட்டிங் ஆப்கள் ஆங்கிலத்தை மையமாக வைத்து வளர்ந்தவை. தமிழ் கலந்த வகுப்புக்குப் பணம் கட்டும் முன் மொழிப் பட்டியலையும், இலவசத் திட்டத்தில் மாதம் எத்தனை நிமிடம் என்பதையும் பாருங்கள்.

15 நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம்

பேச்சறிதலின் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது சொல் பிழை விகிதம். மாறி வந்த சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நீங்களே செய்யலாம்.

உங்கள் பாடப் புத்தகத்திலிருந்து 100 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எடுங்கள். அதில் 5 கலைச்சொல், 3 எண், 2 பெயர், 2 'இல்லை' வாக்கியமாவது இருக்கட்டும். நீங்கள் நிஜமாகவே படிக்கும் அறையில், நிஜமாகவே பயன்படுத்தும் மைக்கில், வழக்கமான வேகத்தில் பேசுங்கள். 6 சொல் மாறி, 2 விடுபட்டு, 2 கூடுதலாக வந்தால் பிழை 10 சதவீதம்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சொல் ஆங்கிலக் கட்டுரை. நிமிடத்துக்கு 30 சொல் டைப் பண்ணுபவருக்கு 33 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 120 சொல் பேசினால் 8 நிமிடத்துக்குச் சற்று மேல். பிழை 10 சதவீதம் என்றால் 100 திருத்தம், ஒன்றுக்கு 5 விநாடி என்றால் இன்னொரு 8 நிமிடம். மொத்தம் 17 நிமிடம், பாதி நேரம் மிச்சம். பிழை 25 சதவீதம் என்றால்? திருத்தத்துக்கே 21 நிமிடம், மொத்தம் 29. நேரம் மிச்சமாவது 4 நிமிடம், எரிச்சல் இலவசம். ஆக, 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். 25-ஐ நெருங்கினால் விட்டுவிடுங்கள்.

தமிழில் எண்ணும்போது ஒரு சலுகை கொடுங்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதை 'வந்து கொண்டிருக்கிறார்கள்' என்று பிரித்து எழுதினால் கணக்குப்படி 2 பிழை. படிப்பவருக்கு அது பிழையே இல்லை. இடைவெளியை விட்டுவிட்டு அர்த்தம் மாறியதை மட்டும் எண்ணுங்கள். எண்ணும் 'இல்லை'யும் தவறியிருந்தால் அதற்கு இரட்டை மதிப்பெண் கழியுங்கள்.

'பேசுவது டைப் செய்வதைவிட 3 மடங்கு வேகம்' என்ற வரியைப் பல இடத்தில் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பைடூ நிறுவனமும் 2016-ல் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. அங்கே ஒப்பிட்டது ஸ்மார்ட்போன் கீபோர்டோடு. கொடுத்தது தயாராக இருந்த குட்டி வாக்கியங்கள். கட்டுரையில் யோசிக்கவும் நேரம் போகும், அந்த நேரத்தை எந்த மென்பொருளும் குறைக்காது.

மைக்கும் இடமும்

மென்பொருளை மாற்றுவதற்கு முன் போனை நகர்த்திப் பாருங்கள். திறந்த வெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும், ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்குப் போனை மாற்றுவதே சில நேரம் புது ஆப் வாங்கியதற்குச் சமம். முன்வரிசை நண்பரிடம் கொடுத்து வைக்கலாம். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம்.

கட்டுரை சொல்லும்போது சாதாரண ஒயர் இயர்போன் மைக் போதும். புளூடூத் இயர்பட்ஸ் பல, மைக்கை இயக்கியதும் போன் கால் தரத்துக்கு ஒலியைக் குறைத்துவிடும்.

எப்படிப் பேசினால் கட்டுரை வரும்?

மைக்கை அழுத்தும் முன் 6, 7 குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பத்தி. சொல்லைச் சொல்லாகத் தனித்தனியே உச்சரிக்க வேண்டாம், முழு வாக்கியமாகச் சொன்னால்தான் மென்பொருளுக்கு ஊகிக்கத் துணை கிடைக்கும். தமிழ்க் கட்டுரை என்றால் எழுத்துத் தமிழிலேயே சொல்லுங்கள், செய்தி வாசிப்பது போல. முதல் நாள் கூச்சமாகத்தான் இருக்கும், மூன்றாவது நாள் பழகிவிடும். நோட்ஸுக்குப் பேச்சுத் தமிழே போதும், படிக்கப்போவது நீங்கள் மட்டும்தானே.

பத்தி முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டுத் திருத்துங்கள். முழுக் கட்டுரையையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் திருத்த உட்கார்ந்தால், அந்த விநோதமான சொல்லுக்குப் பதில் என்ன சொன்னோம் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

வகுப்பு நோட்ஸுக்கும் இதே விதிதான். 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை ஒலியோடு சேர்த்துப் படித்து, ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். 20 பக்க டிரான்ஸ்கிரிப்டைச் சேமித்து வைப்பது படித்ததாகாது.

பதிவு செய்யலாமா? குரல் எங்கே போகிறது?

ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். 'சார், நோட்ஸ் எடுக்க மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? யாருக்கும் அனுப்ப மாட்டேன்' என்று ஒரு வரி போதும். பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். அனுமதி உங்கள் சொந்தப் படிப்புக்குத்தான், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட அல்ல. பதிவில் சக மாணவர்களின் குரலும் இருக்கிறது.

மென்பொருள் பக்கம் 3 விஷயம் பாருங்கள். ஒலி உங்கள் கருவியிலேயே எழுத்தாகிறதா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறதா? போனால், அதை மாடல் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்களா? நீங்கள் நினைத்தால் அழிக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் கிடைக்காத ஆப்பை விட்டுவிடலாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எம்பிஏ புராஜெக்டுக்கு உங்கள் அலுவலக விற்பனைக் கணக்கையோ வாடிக்கையாளர் பெயரையோ சொல்லி எழுதுகிறீர்கள் என்றால், அது வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அலுவலக லேப்டாப்பில் அனுமதி இல்லாமல் இந்த ஆப்களைப் போடுவதும் வம்பு.

சொல்லி எழுதியது 'ஏஐ எழுதியது' ஆகுமா?

நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது வரை அது உங்கள் கட்டுரைதான். ஆனால் புதிதாக வரும் டிக்டேஷன் ஆப்கள் பலவற்றில், சொன்னதை 'அழகாக்கி' வேறு வாக்கியமாக மாற்றும் வசதியும் சேர்ந்தே வருகிறது. அதை இயக்கினால் வாக்கியம் உங்களுடையது அல்ல. சில கல்லூரிகளில் அது விதிமீறல். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள், முதல் டிராஃப்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்தால் காட்டலாம்.

கை ஒத்துழைக்காதவர்கள், காது கேளாதவர்கள்

உங்களுக்கு இது 16 நிமிடம் மிச்சமாகிற விஷயம். எழுதுவதே சிரமமாக இருக்கும் ஒருவருக்கு, படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதே இதைப் பொறுத்திருக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உண்டு. பாடத்திட்டத்திலும் தேர்விலும் கூடுதல் நேரம், எழுதித் தருபவர் போன்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு அரசுகளிடமும் உள்ளாட்சி அமைப்புகளிடமும் சொல்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவருக்கு யுபிஎஸ்சி தேர்வில் எழுதித் தருபவர் மறுக்கப்பட்டது தொடர்பான வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்ற காரணத்துக்காக அந்த வசதியை மறுக்க முடியாது என்றது. தீர்ப்பு பேசியது எழுதித் தரும் ஆளைப் பற்றி, மென்பொருளைப் பற்றி அல்ல. ஆனாலும் நியாயமான வசதியைக் கேட்பது உரிமை என்பதை அது உறுதிப்படுத்தியது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ஒரு தேவை இருந்தால், அசைன்மென்டைக் குரலில் எழுத அனுமதி வேண்டும் என்று மருத்துவச் சான்றோடு பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

கை அசைவே கடினம் என்பவர்களுக்கு விண்டோஸ் 11-ல் வாய்ஸ் ஆக்ஸஸ் உண்டு. இந்திய ஆங்கிலத்தில் பேசியே கம்ப்யூட்டரை இயக்கலாம். காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு ஆண்ட்ராய்டின் லைவ் டிரான்ஸ்கிரைப். காது கேளாதோருக்கான அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கி 2019-ல் கூகுள் வெளியிட்டது. எதிரில் இருப்பவர் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடும், தமிழிலும்.

சரி, எதை எடுக்கலாம்?

ஆங்கிலக் கட்டுரை: கூகுள் டாக்ஸ் அல்லது விண்டோஸின் வாய்ஸ் டைப்பிங், இந்திய ஆங்கிலத்தில். பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

தமிழ்க் கட்டுரை: கூகுள் டாக்ஸ், எழுத்துத் தமிழில் பேசி, பத்திக்குப் பத்தி திருத்தம். ஒற்றுக்குத் தனியாக ஒரு வாசிப்பு.

ஆங்கில வகுப்பு: போன் ரெக்கார்டர், வீட்டில் விஸ்பர்.

தமிழ் கலந்த வகுப்பு: ஒலிப்பதிவை முதன்மையாக வைத்து, முக்கியப் புள்ளிகளைக் கையால் எழுதுங்கள். விஸ்பரின் பெரிய மாடலையோ ஏஐ4பாரத் மாடலையோ தேடலுக்கு உதவும் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத் தகவல் உள்ள புராஜெக்ட்: இணையம் இல்லாமல் ஓடும் மென்பொருள் மட்டும்.

எது என்றாலும், இலவசமாகக் கிடைப்பதில் அந்த 100 சொல் சோதனையை முதலில் செய்யுங்கள். பிழை எத்தனை சதவீதம் என்று குறித்து வைத்துக்கொண்டு, கட்டணச் செயலியின் இலவச சோதனைக் காலத்தில் அதே பகுதியை, அதே மைக்கில் பேசிப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள். சோதனையை அசைன்மென்ட் கெடுவுக்கு முந்தைய இரவு செய்யாதீர்கள், இந்த வாரமே ஒரு நாள் மாலை 15 நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.